இரண்டு காசு

வைகை மணலில் பொடிச் செம்புக் காசுகள் கிடைப்பது மதுரைக்குப் புதிதல்ல. அவற்றில் ரோமானியக் காசுகளும் உண்டு, பெரும்பாலும் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுண்டுவிரல் நகத்தளவு, பலவற்றில் அரசன் முகம் அழிந்துபோயிருக்கிறது. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்த பொன்னும் வெள்ளியும் பானைக்குள் புதையலாயின. இவை கைமாறித் தேய்ந்தவை. இந்தச் சில்லறையைக் கொண்டுதான் 1904இல் ராபர்ட் ஸ்யூவெல் மதுரையில் ரோமானியர் குடியிருந்திருக்கலாம் என்று ஊகித்தார்.

ஏழை விதவை எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு லெப்டாவும் இந்தச் சாதிதான். இரண்டும் சேர்ந்து ஒரு குவாட்ரன்ஸ் என்று மாற்கு விளக்குகிறார். ஒரு தினாரியத்துக்கு 64 குவாட்ரன்ஸ். தினாரியம் ஒரு நாள் கூலி. தமிழ் வேதாகமம் லெப்டாவைக் காசு என்றும் குவாட்ரன்ஸைத் துட்டு என்றும் ஆக்கிற்று. துட்டு டச்சுக்காரர் கொண்டுவந்த சொல். குருவி விலையான அஸ்ஸாரியன் எட்டு லெப்டா பெறும். தமிழில் அதுவும் காசுதான். கணக்குப்படி இது பிழை. ஆனால் இதற்குக் கீழே ஒன்றுமில்லை என்ற உணர்வை வேறெந்தச் சொல்லும் தந்திருக்காது.

காணிக்கைப் பை வரும் நேரத்தில் இக்கதை பிரசங்கமாகிறது. இதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர் கண்டிக்கப்படுகிறார்கள். அடுத்து, அந்த ஆலயமே கல்லின்மேல் கல்லின்றி இடியும் என்ற பேச்சு. இரண்டுக்கும் நடுவே இவள் நிற்கிறாள். இவளைப் போல் செய்யுங்கள் என்று இயேசு சொல்லவில்லை. பெட்டியில் விழுந்ததை விட்டுவிட்டுக் கையில் மிஞ்சியதை எண்ணுகிறார். இவளுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. இதைப் புகழ்ச்சியாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் நோய் கண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். எந்த முடையிலும் அதைத் தொடமாட்டார்கள். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாக்காசாயின. முடிச்சுக்குள் இருந்த நேர்த்திக்கடன் மட்டும் அப்படியே நின்றது. இந்த உறுதியைத்தான் பெட்டி வைப்பவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி; லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது கொசுறு. அதுகூட மறக்கப்படுவதில்லை என்று அங்கே வாக்கு இருக்கிறது. விதவையின் பெயரை எந்தச் சுவிசேஷமும் எழுதி வைக்கவில்லை.