மலைப் பிரயாணமும் வீட்டுக் கணக்கும்

நம்மவர்கள் பிரயாணத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சாவுச் செய்தி வந்தால் இரவோடிரவாக ஜோகூரிலிருந்து கெடாவுக்குப் போய்ச் சேருவோம். கலியாணம் என்றால் பஸ் ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுப்போம். தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லாத குடும்பம் அரிது. ஆனால் யாதொரு காரியமும் இன்றி, உடம்புக்கும் மனத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பதற்காகவே, பெண்டு பிள்ளைகளோடும் வயதான தாயோடும் சில நாள் ஓரிடத்தில் போய்த் தங்கி வரும் வழக்கம் தோட்டப்புறத்தில் இன்னும் வேரூன்றவில்லை.

இதை நாம் ஊகமாக எழுதவில்லை. தோட்டக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு லீவு விண்ணப்பங்களை வாங்கி ஏட்டில் பதிவது அன்றாடக் கடமை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக உழைத்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை உழைத்தவருக்கு 12 நாளும், ஐந்து ஆண்டைக் கடந்தவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு கூடிய லீவு உண்டு. அது எவருடைய தயவுமன்று, சட்டம் கொடுத்த உரிமை. அப்படியிருந்தும், காரணம் எழுதும் கட்டத்தில் நாம் காண்பதெல்லாம் கலியாணம், கருமாதி, காதுகுத்து, கோயில் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பனவே. இன்று நம் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் சிலரே. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமே மிகுதி. அவர்களுடைய தாள்களிலும் இதே கதைதான். ‘ஓய்வு’ என்று எழுதிய தாள் ஒன்றை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்ததில்லை.

நம் தாயார் பதினான்கு வயதில் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்து, ஐம்பத்தைந்தில் கீழே வைத்தவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரம் தாராளமாகப் பால் விடும். ஆகவே நாற்பத்தொரு ஆண்டு காலம் அவர் நாலு மணிக்கு எழுந்தார். கத்தியை வைத்துப் பன்னிரண்டு ஆண்டாகியும் இன்றும் நாலு மணிக்கே எழுகிறார். அவரை மலைக்கு அழைத்துப் போவதென்று சென்ற ஆண்டு தீர்மானித்தோம். அத்தீர்மானத்தை நிறைவேற்ற நாம் போட்ட திட்டத்தை இங்கே விவரிப்பது, நம்மைப் போல் சொற்ப வருமானமுடைய குடும்பத்தார்க்கு உபயோகமாகலாம்.

‘கோடை விடுமுறை’ என்ற சொல்லையே நாம் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில்தான் முதலில் படித்தோம். ஆண்டு முழுவதும் கோடையாகவும் இடையிடையே மழையாகவும் இருக்கும் இந்நாட்டில் அச்சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. வாத்தியார் விளங்க வைக்க முயன்று களைத்துப் போனார். நமக்கு வாய்த்திருப்பது மே மாதக் கடைசியில் வரும் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் இருவரும் பள்ளி செல்வதால், அந்த நாட்களுக்குள்தான் எல்லாவற்றையும் அடக்க வேண்டும்.

கேமரன் மலை பக்கத்தில் இருக்க, கடல் கடந்து போவானேன் என்று நண்பர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. கேமரன் மலை அழகில் குறைந்ததன்று. 1929இல் அங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களும் நம்மவர்களே. எனினும் நாம் நீலகிரியைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம் உண்டு. தாயார் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். இங்கே மருத்துவமனைக்குப் போனாலும், சர்க்கார் காரியாலயத்துக்குப் போனாலும், அவருக்காக நாம் பேச வேண்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் மௌனமாக நிற்பார். குன்னூரிலோ, பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப் பெயரை அவரே படிப்பார், கடைக்காரனிடம் அவரே விலை பேசுவார், வழி தவறினால் அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார். மொழிபெயர்க்க மகன் தேவைப்படாத ஓர் ஊரில் தாயார் ஒரு வாரம் நடமாட வேண்டும் என்பது நம் ஆசை.

தாய்மாமன் அவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. “தமிழ்நாட்டுக்குப் போய், துறையூர்ப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போகாமல் மலைக்குப் போவதா? பங்காளிகள் என்ன நினைப்பார்கள்?” என்று கோபித்துக்கொண்டார். ஊருக்குப் போவதென்றால் என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். கோடாலித் தைலம் இரண்டு டசன், மைலோ டின்கள், போர்வைகள், துண்டுகள், மிட்டாய்ப் பெட்டிகள் என்று பெட்டி கனக்கும். போன இடத்தில் நாளுக்கு மூன்று வீடு விருந்து, ஒரு வீட்டை விட்டால் மூன்று தலைமுறைக்கு மனத்தாங்கல். பெண்களோ விருந்தாளியாகப் போயும் அடுப்படியில்தான் அமர்வார்கள். உறவை நாம் இகழவில்லை. ஆயின் அதை ஓய்வு என்று எழுத நம் கை வரவில்லை. கடைசியில், மலையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நாள் ஊரில் தங்குவதென்று மாமனோடு உடன்பாடு செய்துகொண்டோம். முதலில் ஊர், பிறகு மலை என்று வைத்தால் மலைக்குப் பணமும் மிஞ்சாது, நாளும் மிஞ்சாது என்பதைத் தாயாரே எடுத்துச் சொன்னார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் 500 வெள்ளி வீதம் பதினெட்டு மாதம் ஒதுக்கி 9,000 வெள்ளி சேர்ப்பதென்று தொடங்கினோம். கூட்டுப் பிடித்துப் போகலாமே என்றார் ஒருவர். தோட்டங்களில் வழங்கும் கூட்டு முறையை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடையில்லாவிடினும், போய் வந்த பிறகு மாதந்தோறும் கடன் கட்டிக்கொண்டே மலையை நினைப்பதில் என்ன சுகம் இருக்கிறது? கையில் பணம் சேரட்டும், பிறகு காலைத் தூக்கலாம்.

நிற்க. கடவுச்சீட்டு தாயாருக்கு இதுவரை கிடையாது. அறுபது வயதைக் கடந்தவர்க்குக் கட்டணம் பாதிதான். பழைய கடவுச்சீட்டு உள்ளவர்கள், இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது அது செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். விசாவை இணையத்தின் வழியே வீட்டிலிருந்தே பெறலாம். நம்மவர் பெயர்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு: ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று தகப்பன் பெயருக்கு முன் வரும் சாய்கோட்டைச் சில விண்ணப்பங்கள் ஏற்பதில்லை. விமானச் சீட்டிலும் விசாவிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். கிராணி வேலையால் வந்த பழக்கம் இங்கே நன்றாக உதவுகிறது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானம் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து கோயம்புத்தூருக்கு ரயில், பிறகு மேட்டுப்பாளையம். மலை ரயில் காலை ஏழு மணியளவில் புறப்படுவதால் முந்திய இரவை மேட்டுப்பாளையத்தில் கழிப்பதே உத்தமம். சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டர் வரை, 46 கிலோமீட்டர் தூரம், 16 குகைகளைக் கடந்து ஏறும் பாதை அது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகமண்டலம் வரையும் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்து. தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம் இருக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு மெல்ல ஏறுகிறது. அவசரக்காரர்க்கு அது வாகனமாகாது. இடங்கள் சொற்பம், 2024 நவம்பர் முதல் பிரயாணத்துக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கிறது, திறந்த அன்றே முயலாதவர்க்குக் கோடையில் இடம் கிடைப்பது துர்லபம். மழையில் மண் சரிந்தால் ரயில் நின்றுவிடுவதுமுண்டு. அப்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலையில் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். சின்னவனுக்கு வயிறு புரட்டும் என்பதால், காகிதப் பையும் எலுமிச்சம் பழமும் சாமான் பட்டியலில் முதலிடம் பெற்றிருக்கின்றன.

காலம் பார்ப்பதில் நாம் அதிகக் கவனம் செலுத்தினோம். தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளக் கரையைத் தொடும். கூடலூர், நடுவட்டம் முதலிய மேற்குப் பக்கத்து ஊர்கள் அதன் முழு வேகத்தையும் தாங்கும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவற்றுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஆகவே நம் விடுமுறை நாட்களுக்கு உதகமண்டலத்தைவிடக் குன்னூரே பொருத்தம். உயரமும் சுமார் 1,850 மீட்டர்தான். தாயாரின் மூச்சுக்கும் முழங்காலுக்கும் அது சௌகரியம். மலையுச்சியில் தலைசுற்றல் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் காண்பது. அதனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குப் போனாலும் நெடுநேரம் நில்லாமல் இறங்கிவிடுவதாக இருக்கிறோம்.

மோட்டார் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூட்டம் தாங்காமல், 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவின்பேரில் நீலகிரிக்குள் நுழையும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு விதிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் கட்டினார்கள். விதி அவ்வப்போது மாறும், புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. ரயிலிலும் பொதுப் பஸ்ஸிலும் போகும் ஏழைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் அங்கே தடை. ஆளுக்கொரு எவர்சில்வர்த் தண்ணீர்ப் புட்டி போதும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை வெப்பம் குறையும். நம் வீட்டில் கம்பளிச் சட்டை எவரிடமும் கிடையாது, எதற்காக இருக்கும்? புதிதாக வாங்கினால் பட்ஜெட் கவிழும். பட்டணத்துப் பண்டல் கடையில், குளிர்தேசங்களிலிருந்து வந்த பழைய கம்பளிகள் குவிந்து கிடக்கின்றன. ஐவருக்கும் அங்கேயே பொறுக்கி எடுத்து வெந்நீரில் துவைத்தாயிற்று. தாயார் தம் சட்டையைப் போட்டுப் பார்த்து, இந்தப் புழுக்கத்தில் இரண்டு நிமிஷம் நின்று, “இதைச் செய்தவன் பாவம், எந்தக் குளிரில் இருந்தானோ” என்றார்.

அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளைப் பிரயாண நாட்களுக்கு மேல் ஐந்து நாளுக்கு அதிகமாக வாங்கி, கைப்பையில் வைப்பதாக ஏற்பாடு. இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால், இங்கே இரவு எட்டுக்கு உண்ணும் மாத்திரைக்கு அங்கே மாலை ஐந்தரை. வேளையை எப்படி மாற்றுவதென்று வைத்தியரைக் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டோம். விடுதியில் தரைமட்ட அறையும் வெந்நீரும் உண்டா என்றும் விசாரித்தோம். இன்னொரு சங்கதி முக்கியம். குன்னூர்த் தேயிலைக் காடுகளில் காட்டெருமைகள் தாராளமாக உலாவுகின்றன, கரடியும் வரும். நாலு மணிக்கு எழுந்து இருட்டிலேயே நடக்கப் புறப்படும் நம் தாயாரிடம், வெளிச்சம் வரும் வரை கதவைத் திறப்பதில்லை என்று வாக்கு வாங்கியிருக்கிறோம்.

சிக்கனத்தில் தேர்ந்த நண்பர் ஒருவர், சமையலறையோடு கூடிய வீட்டை எடுத்தால் ஒரு வாரத்தில் அறுநூறு வெள்ளி மிச்சமாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த அறுநூறு வெள்ளி யாருடைய முதுகிலிருந்து மிச்சமாகிறது? நம் மனைவி நர்சரிப் பள்ளியில் வேலையும் பார்த்து, மூன்று வேளை அடுப்பும் மூட்டுகிறவர். குன்னூரிலும் அவர் காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தால் மலை ஏறியது நாமும் பிள்ளைகளும் மட்டுமே ஆகும். ஆண்கள் திட்டம் போடும் பிரயாணங்களில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. வீடு இடம் மாறுகிறது, வேலை மாறுவதில்லை. ஆகையால் சாப்பாட்டுக் கடையோடு கூடிய விடுதியாகப் பார்த்தோம். அதற்கான பணத்தை, சுற்றிப் பார்க்கும் இடங்களைக் குறைத்து ஈடு செய்தோம். ஆறு இரவில் இரண்டே நாள் ஊர்சுற்றல்: ஒரு நாள் ரயிலில் உதகமண்டலம், ஒரு நாள் சிம்ஸ் பூங்கா. மற்ற நாட்களுக்கு எதிரே தாளில் ஒன்றும் எழுதவில்லை. “இது என்ன, வெறுமனே கிடக்கிறது?” என்று மூத்த மகள் கேட்டாள். அவளுடைய பாட்டி, “அந்த நாளை எனக்குக் கொடு” என்றார்.

தேயிலைத் தொழிற்சாலை பார்ப்பதா வேண்டாமா என்பது மாத்திரம் முடிவாகவில்லை. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் கழித்தவரை விடுமுறைக்கும் தோட்டத்துக்கே அழைத்துச் செல்வது சரியில்லை என்று நாம் தயங்கினோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பிழைப்பு கொடுக்கவே தமிழ்நாட்டுச் சர்க்கார் 1968இல் அம்மலைகளில் தேயிலை வளர்க்கத் தொடங்கியதைத் தாயாருக்குச் சொன்னோம். பச்சைப் பசேலென்று படத்தில் தெரிவதெல்லாம் அந்தப் பெண்கள் கூடை சுமந்து நடக்கும் வேலைக்காடு என்பதை அவருக்கு நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “தொழிற்சாலை வேண்டாம் தம்பி. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ. தராசை யார் பிடிக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்” என்றார்.

நாற்பத்தொரு ஆண்டு தராசுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் அவர். தராசுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நாம். எந்த வேளையில் அங்கே இலை நிறுப்பார்கள் என்று கேட்டு விடுதிக்காரருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.