தும்மலுக்குப் பயந்தவர், துள்ளிக் குதித்த சனிக்கிழமை!

காலை ஐந்தரை மணி. லண்டன் ஹாரோ பகுதியில் ஒரு வீட்டுக் குளியலறை. கண்ணாடி முன் நின்று மூக்குத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் அவர். சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று, தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று. திருகு அசைவதாக இல்லை. ஆனால் கழற்றியே ஆக வேண்டும். வலைப்பந்து ஆட்டத்தில் நகைக்கு இடமில்லை. தோடு, சங்கிலி, வளையல் எதுவும் கூடாது. நகம் விரல் நுனியைத் தாண்டியிருக்கிறதா என்றுகூட நடுவர் கையைத் திருப்பிப் பார்ப்பார்.

தாலிக்கொடிதான் பிரச்னையாக இருந்திருக்க வேண்டும். இல்லை! யாழ்ப்பாணத்துக் கொடி கனமானது. திருட்டுக்குப் பயந்து அது எப்போதோ வங்கிப் பெட்டகத்துக்குப் போய்விட்டது.

அடுத்த அறையிலிருந்து மாமியாரின் குரல்: “பிள்ளை, நகம் வெட்டினனீரோ?”

76 வயது மாமிக்கு இந்த விதியெல்லாம் தெரியும். அவரும் 1960-களில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அணியில் ஆடியவர்தான்.

நம் ஊரில் பலருக்கும் ‘நெட்பால்’ என்றால் என்னவென்று தெரியாது. கூடைப்பந்துக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். அணிக்கு ஏழு பேர். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கும். ஆனால் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட முடியாது. கையில் வந்த பந்தை மூன்று விநாடிகளுக்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தடுப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். யார் எந்தப் பகுதியில் ஓடலாம் என்பதற்கும் கோடு உண்டு. அதனால் ஒவ்வொருவரும் தன் இடத்தின் ஆங்கில எழுத்தை நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு ஆடுவார்கள். நம்மவர் ‘ஜி.டி.’, அதாவது கோல் டிஃபென்ஸ். எதிரணியின் ‘ஜி.ஏ.’வை வளையத்தின் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது வேலை. சொந்தப் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அவர் ஜி.டி.தான். ஏன் வேண்டாம் என்றார் என்பது போகப்போகப் புரியும்.

இங்கிலாந்தில் பிறந்த இந்த ஆட்டம் இலங்கைப் பெண்கள் பள்ளிகளில் அப்படியே ஒட்டிக்கொண்டது. உலக அமைப்பு 1960-ல் உருவானதே இலங்கையில் நடந்த கூட்டத்தில்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குல உயரத்தோடு உலகக் கோப்பைகளில் இலங்கைக்காகக் கோல் போட்டவர். புலம்பெயர்ந்தவர்கள் லண்டனில் பழைய மாணவர் சங்கம் தொடங்கினால் ஆண்களுக்குக் கால்பந்து, பெண்களுக்கு வலைப்பந்து என்று போட்டிகள் தானாக வந்துவிடும். ஜூன் மாத சனிக்கிழமை ஒன்றில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நடக்கும் அப்படியொரு போட்டிக்குத்தான் மூக்குத்தி கழன்றுகொண்டிருந்தது.

ஜி.டி.க்கு 43 வயது. மருந்துக்கடை ஒன்றில் வேலை. 15 வயதில் மகள், 11 வயதில் மகன். ஊரில், பள்ளியில், சுண்ணாம்புக் கோடு போட்ட மணல் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடியவர். 1995 அக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது 14 வயது. மறுவருடம் திரும்பி வந்து பார்த்தால் மைதானத்தில் ஒரேயொரு வளையக் கம்பம்தான் மிச்சம். அந்த ஒற்றைக் கம்பத்தை வைத்துக்கொண்டே பள்ளி முடியும்வரை ஆடினார்கள். அதை நிறுத்தாத ஆட்டத்தை லண்டனில் எது நிறுத்தியது?

கேட்பவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில், “முழங்கால் ஏலாது.” முழங்காலில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது பிரசவம் சிரமமாக இருந்தது. ஆயுதம் போட்டுத்தான் மகனை எடுத்தார்கள். அதற்குப் பிறகு தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடும். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று முதலில் நினைத்தார். பிறகு, யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அடர்நிற உடைகள் மட்டும் வாங்கத் தொடங்கினார். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். மகளின் பத்தாவது பிறந்தநாள் ட்ராம்போலின் கூடத்தில் நடந்தது. மற்ற அம்மாக்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்க, இவர் எல்லோருடைய சப்பாத்துகளுக்கும் காவல் இருந்தார். “அம்மா, வாங்கோ!” என்று மகள் மூன்று முறை கூப்பிட்டாள். முழங்கால் வலி என்றார்.

பதினொரு ஆண்டுகள் இப்படிப் போயின. இந்த ஜனவரியில் பள்ளித் தோழி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “எங்கட ஸ்கூல் டீமுக்கு ஜி.டி. இல்லை. வாறியா?”

இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், தோழிக்குப் பதில் போடுவதற்குப் பதிலாக மருத்துவரிடம் நேரம் வாங்கினார். அவர் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். பிப்ரவரி முடிவில்தான் முறை வந்தது. அரை மணி நேரப் பேச்சில் அந்தப் பெண் சொன்னவற்றை ஜி.டி. கைப்பேசியில் குறித்துவைத்திருக்கிறார். இடுப்பின் அடியில் தொட்டில்போல் தாங்கி நிற்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்திருக்கின்றன. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து இறுக்க வேண்டும், பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது. தண்ணீரைக் குறைப்பதும் தப்பு. சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும். இன்னொன்று: தும்மலோ குதிப்போ வருவதற்கு ஒரு நொடி முன்பே இறுக்கிக்கொள்ள வேண்டும்.

நம்மூரிலும் ‘கெகல் பயிற்சி’ என்ற பெயர் பலருக்குத் தெரியும். கர்ப்பகால வகுப்பில் கேட்டு, பிள்ளை பிறந்ததும் மறந்துபோகிற பயிற்சி அது.

மருந்துக்கடை கவுண்டரில் நின்றபடி, பஸ்ஸில் உட்கார்ந்தபடி, புட்டு அவியும் நேரத்தில் என்று செய்தார். வெளியே யாருக்கும் தெரியாது என்பது இதில் ஒரு வசதி. ஏப்ரலில் ஒருநாள் கடையில் பெரிதாகத் தும்மினார். ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலைதான் தோழிக்கு, “வாறன்” என்று அனுப்பினார்.

வியாழக்கிழமை இரவுகளில் வாடகை அரங்கில் பயிற்சி. மற்ற நாள்களில் பூங்காவில் மகள்தான் பயிற்சியாளர். அவள் தன் பள்ளி அணியில் ஆடுபவள்; தயவு தாட்சண்யமே கிடையாது. பந்தைப் பிடித்து இறங்கிய காலை அம்மா கொஞ்சம் நகர்த்தினாலும், “அம்மா, ஸ்டெப்பிங்!” என்று பூங்கா முழுக்கக் கேட்கக் கத்துவாள். இருபத்தைந்து வருடம் கழித்து உடம்புக்கு எல்லாம் நினைவிருந்தது, இறங்குவதைத் தவிர. எம்பிவிடுவார். தரைக்கு வரும்போது மட்டும் முகத்தில் ஒரு கலவரம். “ஏன் இப்பிடிப் பயப்பிடுறீங்க?” என்று கேட்டவளுக்கும் முழங்கால்தான் பதில்.

போட்டி நாளில் பத்து அணிகள். குழுவுக்கு ஐந்தாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டங்கள். பாதிக்கு ஏழு நிமிடம். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடி, வியர்த்து, முக்கால் மணி நேரம் புல்தரையில் உட்கார்ந்து உடம்பு ஆறி, மறுபடியும் ஓடுவது நாற்பது தாண்டியவர்களுக்குச் சும்மா இல்லை. பெட்டி நிறைய ரோல்ஸ் வந்திருந்தது. கடைசி ஆட்டம் முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பது அணித் தலைவியின் உத்தரவு. வாழைப்பழம் மட்டும்.

முதல் ஆட்டத்தில் தோல்வி, 4-9. எதிரணியில் பாதிப் பேர் இங்கேயே பிறந்த இருபது வயதுக்காரிகள். ஆங்கிலேயப் பள்ளிகளில் கற்றதுபோல், “ஹியர் இஃப் யூ நீட்!” என்று பந்துக்குக் குரல் கொடுத்தபடி பறந்தார்கள். இவர்கள் பக்கத்தில், “இஞ்ச! இஞ்ச விடு!” தமிழில் பேசி எதிரணியை ஏமாற்றலாம் என்றால், அதற்கும் வழியில்லை. எல்லா அணியும் தமிழ் அணி!

இரண்டாவது ஆட்டம் 6-5. இவர்கள்தான் முன்னிலை. கடைசி அரை நிமிடம். எதிரணியின் பந்து ஜி.ஏ.வை நோக்கி உயரமாக வந்தது. ஜி.டி. யோசிக்கவில்லை. இறுக்கவும் இல்லை. எம்பினார். இரண்டு கையிலும் பந்து. வலது காலில் இறங்கினார். இறங்கிய அதே கணத்தில், கசிந்ததும் தெரிந்தது.

கையில் பந்து. மூன்று விநாடி. காலை நகர்த்தக் கூடாது. எல்லோருடைய கண்ணும் இவர் மேல். சென்டரில் நின்றவருக்குப் பந்தைத் தள்ளிவிட்டு நின்றார். விசில். வென்றுவிட்டார்கள். தோழிகள் கட்டிப்பிடிக்க ஓடிவந்தபோது ஜி.டி. கழிப்பறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

உள்ளே நின்று வீட்டுக்குப் போய்விடலாமா என்றுதான் யோசித்தார். கறுப்பு லெக்கின்ஸ், வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பதினொரு வருடத்துக் கூச்சம் மொத்தமும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றது. கணுக்கால் பிசகியது என்று சொல்லிவிடலாம். முழங்காலுக்கு ஓய்வு கொடுத்த மாதிரியும் இருக்கும்.

கதவைத் திறந்தால் கைகழுவும் இடத்தில் ஜி.கே. அக்கா. கோல் கீப்பர், 52 வயது.

“என்ன பிள்ளை, ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாலயும் பின்னாலயும் இஞ்சதான் ஓடுறீர்?”

ஜி.டி. பதில் சொல்லவில்லை. அக்காவே தொடர்ந்தார்.

“எனக்கும் உதுதான். மூண்டு பிள்ளை பெத்தனான். என்ர பையுக்க பாட் இருக்கு, எடும். வேற லெக்கின்ஸும் கிடக்கு. நான் ரெண்டு கொண்டுவாறனான்.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் தோற்றார்கள், 5-8. நான்காவதில் வென்றார்கள், 9-7. அதில் ஜி.டி. மூன்று பந்துகளைப் பறித்தார். ஒவ்வொரு முறை எம்பும்போதும் பின்னாலிருந்து ஜி.கே. அக்காவின் குரல் வந்தது: “இறுக்கும்!” சுற்றியிருந்தவர்கள் எதிராளியைத் தடுப்பைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆட்டத்தில் கசியவில்லை.

குழுவில் மூன்றாமிடம். அரையிறுதிக்கு இரண்டு அணிகள்தான். ரோல்ஸ் பெட்டி திறக்கப்பட்டது.

திரும்பி வரும்போது காரில் மகள் முன் இருக்கையில். அப்பாவும் தம்பியும் மாமியும் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள். சிக்னலில் நின்றபோது மகள் கேட்டாள். “அம்மா, ரெண்டாவது மேட்ச் முடிய ஏன் ஓடினீங்க? நாங்க வின் பண்ணினது.”

ஜி.டி. சொன்னார். முழங்கால் பொய் என்பதையும் சேர்த்தே சொன்னார். பச்சை விழுந்து, பின்னாலிருந்த கார் ஒலி எழுப்பும்வரை.

மகள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்கோ அண்டைக்கு ட்ராம்போலினுக்கு வரேல்லை?”

“ஓம்.”

“நான் உங்களுக்கு விருப்பமில்லை எண்டு நினைச்சன்.”

ஜி.டி. வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது.

மூக்குத்தி அன்றிரவு திரும்ப ஏறவில்லை. துளை வீங்கியிருந்தது, இரண்டு நாள் போகட்டும் என்று மாமி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கால் பிடித்துக்கொண்டது. இந்த முறை முழங்காலும் நிஜமாகவே வலித்தது. மாலையில் கைப்பேசியை எடுத்தால், அந்த பிசியோவைப் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும், என்ன பயிற்சி, எத்தனை மாதம் என்று விசாரித்து மூன்று பேரிடமிருந்து தனித்தனியாகச் செய்தி. இருவர் சொந்த அணியினர். மூன்றாவது எண்ணை ஜி.டி.க்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டாவது ஆட்டத்தில், அந்தப் பந்தை இவர் யாரிடமிருந்து பறித்தாரோ, அந்த எதிரணி ஜி.ஏ.!

ஜி.கே. அக்காவின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.