படத்தில் நடு இடம் யாருக்கு?

களப்பணிக்குச் செல்லும் எம்மைப் போன்றவர்களின் கைப்பையில் முன்பு குறிப்பேட்டுடன் ஒரு கமராவும் இருக்கும். இப்போது கைத்தொலைபேசியே போதும். கூட்டம், பயிற்சி, உதவி வழங்கல் என எல்லாவற்றுக்கும் படம் தேவை. ஆனால் படத்தை எப்படி அமைப்பது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. ஓய்வு நேரங்களில் நானாகப் பழகத் தொடங்கியபோதுதான், அது அழகோடு மட்டும் சம்பந்தப்பட்ட விடயம் அல்ல என்பது புரிந்தது.

உதவி வழங்கும் படங்களைக் கவனித்துப் பாருங்கள். பிரமுகர் நடுவில் நிமிர்ந்து நிற்பார். தையல் இயந்திரத்தைப் பெறும் பெண் ஓரத்தில் தலைகுனிந்து நிற்பாள். நடு இடம் யாருக்கு, ஓரம் யாருக்கு என்பதைக் கமராவைப் பிடித்திருப்பவரே தீர்மானிக்கிறார். சமூகவியலில் அதிகாரம் பற்றி நான் படித்தவற்றை இந்தச் சிறிய சட்டகம் மீண்டும் நினைவூட்டியது.

பழகிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். நிலத்தில் இருந்து வேலை செய்பவரை நின்றபடி எடுத்தால் அவர் சிறுத்துத் தெரிவார். நாமும் குந்தியிருந்து அவரது கண்மட்டத்தில் எடுக்க வேண்டும். தொலைபேசித் திரையில் கட்டக் கோடுகளை வரவழைக்கலாம். அவை படத்தை நெடுக்கிலும் கிடையிலும் மும்மூன்றாகப் பிரிக்கும். கோடுகள் சந்திக்கும் இடமொன்றில் முகத்தை வைத்து, அவர் பார்க்கும் பக்கத்தில் வெளி விட்டால் படத்துக்கு உயிர் வரும். தலைக்குப் பின்னால் கம்பமோ கொடிக்கயிறோ தெரிந்தால் ஓரடி விலகி நின்றாலே போதும். உச்சி வெயிலில் கண்கள் கருநிழலில் மறைந்துவிடும். காலை, மாலை வெளிச்சமே முகத்துக்கு நல்லது.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டொரோதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். படிப்படியாக நெருங்கி எடுத்த இறுதிப் படத்தில், இரு பிள்ளைகள் முகம் திருப்பித் தாயின் தோளில் சாய்ந்திருப்பார்கள். அதனால் எமது பார்வை தாயின் முகத்திலேயே தங்கிவிடும். அமைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் லாங்கே அத்தாயின் பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அப்பெயர் 1978 இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார்.

பனையோலை வேலை செய்யும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "மிஸ், என்ர முகத்தை மட்டும் எடுக்காதேங்கோ. நான் இழைச்ச கடகத்தையும் சேர்த்து எடுங்கோ." கைகளும் கடகமும் முன்னால் வர, முகம் சற்று மேலே அமைந்தது. துயரத்தைத் தேடும் கமராவுக்கு அகப்படாத ஒரு தொழிலாளி அதில் தெரிந்தார்.

படமெடுக்கும் சகோதரிகளே, அனுமதி கேளுங்கள். எப்படி நிற்க விருப்பம் என்றும் கேளுங்கள். எடுத்ததைக் காட்டி, ஒரு பிரதியும் கொடுங்கள். அவர் தன் வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பும் படமே நல்ல படம்.