மஞ்சள் பூசாத கை

வெள்ளைச் சட்டையில் வர வேண்டாம் என்று நண்பர் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். மறந்துபோய் அதில்தான் போனேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. கறுப்புத் திரையை விலக்கிக் கூண்டுக்குள் நுழைந்ததும் சட்டை பளீரென்று நீலமாக எரிந்தது. "சார், ஒரு கோட்டு மாட்டிக்கிட்டு வாங்க. உங்க வெளிச்சத்துல எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் உள்ளே நின்றிருந்த அக்கா. சோப்புத் தூளில் இருக்கும் ஏதோ ஒன்று பிளாக் லைட்டில், அதாவது அங்கே எரியும் புற ஊதா விளக்கில், ஒளிருமாம்.

கோட்டு மாட்டித் திரும்பிவந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன்.

சூடேற்றிக் கடினமாக்கி, அரைத்து முடித்த கியர் ஷாஃப்டுகள் இங்கே 'கிராக்' பார்க்க வருகின்றன. ஷாஃப்டை இரு முனையிலும் இறுக்கிப் பிடித்து, தூள் கலந்த எண்ணெயைக் குழாயால் ஊற்றிக்கொண்டே மிதிகட்டையை அழுத்துகிறார். 'டங்' என்று ஒரு சத்தம். மின்சாரம் ஷாஃப்டின் நீளத்துக்கு ஓடினால் காந்தப்புலம் அதைச் சுற்றி வளையமாகப் படர்கிறது. நீளவாக்கில் விரிசல் இருந்தால் புலம் அந்த இடத்தில் வெளியே கசிய, எண்ணெயில் மிதக்கும் ஒளிரும் இரும்புத் தூள் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். குறுக்கு விரிசல் இதில் அகப்படாது. அதற்குக் கம்பிச் சுருளுக்குள் வைத்து இன்னொரு தடவை.

ஒன்பதாவது ஷாஃப்டில் வந்தது. தலைமுடி கனத்துக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு கோடு. கட்டை விரலால் துடைத்தார், போய்விட்டது. மறுபடி ஊற்றி மிதித்தார். அதே இடம், அதே கோடு. "துடைச்சா திரும்பி வரணும். அப்பத்தான் கிராக்கு. வராட்டா வெறும் அழுக்கு."

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் ஹோக் என்பவர், காந்தப் பிடியில் வைத்து அரைத்த எஃகின் மேல் அரைதூள் விரிசலை ஒட்டிக் கோடு போடுவதைக் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்த தொழில் இது. பக்கத்து அறையில், குரோம் முலாமின் மேலிருந்தே அடியில் எஃகு அரைக்கும்போது கருகியிருக்கிறதா என்று காந்த இரைச்சலைக் கேட்டுச் சொல்லும் கருவி ஒன்று இருந்தது. நண்பர் அரைமணி நேரம் விளக்கினார். எனக்கு ஏறவில்லை.

என் கண் அக்காவின் விரல்களிலேயே இருந்தது. நக இடுக்கில் மெல்லிய பச்சை மினுக்கம். "காலைல சாம்பார் வெச்சேன் சார்." மஞ்சளும் இந்த விளக்கில் ஒளிரும். கல்யாணமான புதிதில் மஞ்சள் கயிறு கையில் பட்டு, கை பீஸில் பட்டு, நல்ல ஷாஃப்ட் ஒன்றை ரிஜெக்ட் செய்துவிட்டாராம். தாலியைச் செயினில் மாற்றியது அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை முகத்துக்கு மஞ்சள் பூசி 11 வருஷம் ஆகிறது.

போன வருஷம் அக்காவுக்குக் கண் பரிசோதனையில் படிக்கும் கண்ணாடி வேண்டும் என்றார்கள். கண்ணாடி போட்டுப் பார்க்க விதியில் தடை இல்லை. வெளிச்சத்துக்கு நிறம் மாறும் கண்ணாடிதான் கூடாது. ஆனால் கான்ட்ராக்டருக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று பயம். பீஸ் கணக்கில்தான் கூலி. தொகையைச் சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ரிப்போர்ட்டில் கையெழுத்து, சான்றிதழ் வைத்திருக்கும் வேறொருவருடையது. நான் இருந்தவரை அவர் வரவில்லை. பீஸ் திரும்பி வந்தால் மட்டும் எல்லோருக்கும் அக்காவின் பெயர் ஞாபகம் வரும்.

தினமும் காலையில், அடி கூம்பிய கண்ணாடிக் குழாயில் 100 மில்லி எண்ணெய் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் படியும் தூள் 0.1 மில்லிக்குக் குறையக் கூடாது, 0.4ஐத் தாண்டக் கூடாது. தூள் விலை அதிகம். அது குறைந்தால் கண்ணில் படும் விரிசலும் குறையும். கான்ட்ராக்டருக்கு இரண்டுமே லாபம். பெயின்ட் அடித்த பீஸும் அப்படித்தான். பூச்சு 50 மைக்ரானுக்கு மேல் இருந்தால் சுரண்டிவிட்டுப் பார்ப்பதுதான் முறை. சுரண்ட யார் காசு தருவது? "அப்படியே பாரு" என்று சொல்வார்களாம். எஃகில் விழும் விரிசலைப் பிடிக்க இவ்வளவு வித்தை கண்டுபிடித்தவர்கள், கூலியில் விழும் ஓட்டைக்கு ஒரு சொட்டுத் தூள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

நல்ல ஷாஃப்டுகளைச் சுருளுக்குள் விட்டு மெதுவாக வெளியே இழுத்துக் காந்தத்தை இறக்கினார். ஊக்கு ஒன்றை முனையில் வைத்துப் பார்த்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. விரிசல் விட்டதைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைத் தூக்கினார்.

சாப்பிடக் கூப்பிட்டார் நண்பர். போய்வருகிறேன் என்றேன்.

"திரையை நல்லா இழுத்து மூடிட்டுப் போங்க சார். வெளிச்சம் வருது."