ஆவடியைத் தாண்டினால்... தடை தாண்டும் குதிரைகள்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்சீட்டில் அண்ணன் மகள், வயது பதிமூன்று. தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட், மடியில் குதிரையேற்ற ஹெல்மெட். “சித்தப்பா, ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவாப் போங்க” என்கிறவள், இன்னும் ஒரு மணி நேரத்தில் அரை டன் எடையுள்ள குதிரைமேல் உட்கார்ந்து கட்டை தாண்டப் போகிறாள்!

சி.டி.எச். ரோட்டில் திருமுல்லைவாயல், அடுத்து ஆவடி. ஆவடி என்றால் நமக்கு டாங்கிதான். உலகமெங்கும் குதிரைப்படைகள் குதிரையை விட்டு டாங்கிக்கு மாறின. நம் விஜயந்தா டாங்கி 1965-ல் இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. அந்த ஊரையே தாண்டிக் குதிரையைத் தேடிப் போவது வேடிக்கைதான். வெள்ளானூர் பக்கம் திரும்பியதும் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. சாலையோரம் மாடுகள், மனைப்பிரிவு போர்டுகள், நடுவில் ஒரு ஏரி. இதே திசையில் செங்குன்றத்தில்தான் சென்னை ஈக்விடேஷன் சென்டர் இருக்கிறது. கிரிக்கெட்டின் ஐ.பி.எல். மாதிரி, அணி அணியாகக் குதிரைகள் மோதும் ‘ஈக்வெஸ்ட்ரியன் பிரீமியர் லீக்’ போட்டிகள் நடந்த இடம்.

‘ஷோ ஜம்ப்பிங்’ பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: வண்ணக் கட்டைகளை அடுக்கிய தடைகளை வரிசை மாறாமல் தாண்ட வேண்டும். கட்டை விழுந்தால் 4 தண்டப் புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் 4. இரண்டாம் முறையும் மறுத்தால் ஆளே வெளியே. நேரம் தாண்டினாலும் தண்டம் உண்டு. குறைவான புள்ளி வாங்கியவர் ஜெயித்தார்.

தனி ஆட்டம் என்றால் இவ்வளவுதான். அணி என்று வரும்போதுதான் சிக்கல்.

போன வருஷம் வேறோர் இடத்தில் குழந்தைகளுக்கான சின்னப் போட்டி. மூன்று பேர் அணி, மூவரின் புள்ளியும் சேரும். முதல் இரண்டு பிள்ளைகள் ஒரு கட்டைகூட விழாமல் முடித்துவிட்டார்கள். மூன்றாவதாக எங்கள் பெண். ஐந்தாவது தடையில் குதிரை நின்றது. சுற்றி வந்தாள், மறுபடியும் நின்றது. மணி அடித்துவிட்டார்கள். அவளோடு அணியும் வெளியே. திரும்பி வரும்போது வேனில் யாரும் யாரோடும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, “இனிமே நான் வரல, அவங்களாவது ஜெயிக்கட்டும்” என்றாள். மூன்று மாதம் லாயம் பக்கமே போகவில்லை.

பெரியவர்களுக்கும் இதுதான் கதி. ஒலிம்பிக்கில் ரியோ 2016 வரை அணிக்கு நான்கு பேர். நால்வரில் மோசமான புள்ளியைக் கழித்துவிட்டு மூன்றைக் கூட்டுவார்கள். டோக்கியோவிலிருந்து மூன்றே பேர், கழிப்பு கிடையாது. அங்கே இறுதிச் சுற்றில் பதக்க வாய்ப்போடு இருந்தது பிரான்ஸ். கடைசியாக வந்த பெனலோப் லெப்ரெவோவின் குதிரை தடையருகே நின்றுவிட, மொத்த அணியும் வெளியேறியது.

மூன்று பேர் முறைக்கும் நியாயம் இருக்கிறது. அணிக்கு ஒருவர் குறைந்தால் இன்னும் சில நாடுகள் உள்ளே வரலாம். ரியோவில் 15 அணிகளுக்கு இருந்த இடம் டோக்கியோவில் 20 அணிகளுக்கு ஆனது. இந்தியா மாதிரி நாட்டுக்கு அது கதவு திறந்த மாதிரிதான். டி.வி.யில் பார்க்கிறவருக்கும் கணக்கு சுலபம்.

ஆனாலும் என் ஓட்டு நான்கு பேருக்குத்தான். ஏன் தெரியுமா? ஓடுவது மனிதர் மட்டும் இல்லையே! குதிரைக்கு அன்றைக்கு மனசு சரியில்லாமல் இருக்கலாம்; கால் லேசாக வலிக்கலாம். நான்காவது ஆள் இருந்தால், “இன்னிக்குப் போதும்டா” என்று கையைத் தூக்கிவிட்டு நிறுத்திவிடலாம். எல்லாப் புள்ளியும் சேரும் என்றால் அந்த மனசு வருமா? ‘லீக் ஆஃப் நேஷன்ஸ்’ தொடரில் இரண்டையும் கலந்திருக்கிறார்கள். முதல் சுற்றில் நால்வர், ஒன்று கழிப்பு. இரண்டாம் சுற்றில் மூவர், கழிப்பே இல்லை. பரவாயில்லை, பாதி ஒப்புக்கொள்ளலாம்.

அவளை மறுபடி லாயத்துக்கு அழைத்துவந்தது ஒரு பழைய செய்திதான். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில், ‘டிரெஸ்ஸேஜ்’ அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையைத் தாளத்துக்கு அடிவைக்க வைக்கும் ஆட்டம் அது. குதிரையேற்றத்தில் நமக்கு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங் மூவரின் புள்ளிகள் சேர்ந்துதான் அணியின் 209.205. நான்காவதாக இருந்த சுதீப்தி ஹஜேலாவின் புள்ளி கணக்கில் சேரவில்லை. மேடையில் நின்ற போட்டோவைக் காட்டினேன். நான்கு கழுத்திலும் தங்கம்.

“இவங்க புள்ளியைக் கழிச்சிட்டாங்களா? அப்புறம் எப்படி மெடல் தந்தாங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள். அடுத்த ஞாயிறே பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டாள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் குதிரைகள் நிழலுக்குப் போய்விடும். முன்கூட்டியே போன் செய்து அனுமதி கேட்பது நல்லது. பின்பக்கமாகக் குதிரையை நெருங்கவே கூடாது. போன் ஃப்ளாஷ் வேண்டாம்.

அன்றைக்கு நடந்தது நான்கு பேர் அணிப் பயிற்சி. எங்கள் பெண்ணின் குதிரை இரண்டு கட்டையைத் தட்டியது. 8 புள்ளி, அணியில் அதுதான் அதிகம், கழித்துவிட்டார்கள். இறங்கியதும் சேணத்தை அவிழ்த்துவிட்டு, நான் வாங்கி வைத்திருந்த கேரட்டைக் குதிரைக்கு ஊட்டினாள். திரும்பும் வழியில் ஆவடியில் பொங்கல், வடை. “அடுத்த வாரம் யாரோடது கழியும்னு பார்க்கலாம் சித்தப்பா” என்றாள், வாயில் வடையோடு.