ஆமை நடந்த தரை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறவில்லை. கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் "சர்க்கரை போடலாமுங்களா?" என்று கொங்குத் தமிழில்தான் கேட்டார்கள். 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பாலக்காட்டுச் சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இந்த எல்லையோரப் பள்ளிகள் சிலவற்றில் இன்றும் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. அங்கே நிரலாக்கம் எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

சித்தூர் வட்டத்துப் பள்ளி ஒன்றின் கணினி அறை. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். திரையில் பைத்தான் நிரல்மொழி, நடுவில் அம்புக்குறி. அதற்கு ஆமை என்று பெயர். ஃபார்வர்டு என்றால் கோடு இழுத்துக்கொண்டு முன்னே போகும், லெஃப்ட் என்றால் இடப்பக்கம் திரும்பும். அன்றைக்குச் சமபக்க முக்கோணம் வரைய வேண்டும்.

ஒரு சிறுமி மூன்று தடவை 100 அடி நடக்கவும், ஒவ்வொரு தடவையும் 60 பாகை திரும்பவும் சொல்லியிருந்தாள். வந்தது முக்கோணமல்ல, வாய் திறந்த பாதி அறுகோணம். "கோணம் 60 தானுங்க டீச்சர்?" என்றாள் பாவமாக. டீச்சர் கணினியைத் தொடவில்லை. சாக்பீஸால் தரையில் ஒரு முக்கோணம் போட்டார். "நீதான் ஆமை. நடந்து பாரு கண்ணு."

அவள் ஒரு கோட்டின் மேல் நடந்து மூலையில் நின்றாள். அடுத்த கோட்டுக்கு உடம்பைத் திருப்பியபோதுதான் 60 எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. ஏறக்குறைய வந்த வழியையே பார்க்குமளவு திரும்ப வேண்டியிருந்தது. மூன்று மூலை, மூன்று திருப்பம். புறப்பட்ட இடத்துக்கு வந்து பழைய திசையைப் பார்த்தபோது ஒரு முழுச் சுற்று முடிந்திருந்தது. "360-ஐ மூணால வகுக்கோணும்!" ஓடிப்போய் 120 என்று மாற்றினாள். முக்கோணம் மூடிக்கொண்டது. யாரும் கேட்காமலே ஐந்தால் வகுத்து ஐங்கோணமும் போட்டாள்.

1967-இல் சீமோர் பேபர்ட்டும் தோழர்களும் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில் சேர்ந்ததுதான் ஆமை. குழந்தை தன் உடம்பால் யோசிக்கட்டும் என்பது பேபர்ட்டின் எண்ணம். இந்த டீச்சர் அவரைப் படித்தாரோ இல்லையோ, வித்தை அதேதான்.

பைத்தானுக்கும் அதைத் தாங்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. கேரளப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. அதே ஆண்டு, கட்டற்ற மென்பொருள் அமைப்பை நிறுவிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, அதன் இந்தியச் சகோதர அமைப்பைத் தொடங்கிவைத்தார். பிற்பாடு பள்ளிக் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. அந்தத் திட்டம் 2017-இல் கைட் நிறுவனமானது; மறு ஆண்டே லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்கள் வந்தன. லினக்ஸால் காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். பள்ளியில் உள்ளதையே பிள்ளைகள் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது இன்னொரு பக்கம்.

அடுத்த வாரம் போடிமெட்டு ஏறி இடுக்கிக்குப் போனேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளி. மின்சாரம் போய்விட்டிருந்தது, மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடின. எல்லாம் கணினிக்குள்ளேயே இருந்ததால் இணையம் இல்லாததை யாரும் பொருட்படுத்தவில்லை.

பாடம் 'இஃப்' என்னும் நிபந்தனைக் கட்டளை. தமிழில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும். முத்து அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கிய எழில் நிரல்மொழி இந்த வரிசையிலேயே எழுதுகிறது. பைத்தானில் தலைகீழ். ஆகவே அந்தப் பள்ளி டீச்சர் முதலில் வாய்மொழியாகச் சொல்லவைத்தார்: "கொழுந்து எடை அளவுக்கு மேல போனா, மிச்சக் கிலோவுக்குத் தனிக் காசு." தோட்டக் குடியிருப்பான லயத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாய்மார்களின் கூலிக் கணக்கு அதுதான்.

ஒரு பையன் எடையைக் குறிக்கும் மாறிக்கு 'கொழுந்து' என்றே தமிழில் பெயர் வைத்தான். ஓடாது என்று நினைத்தேன். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் சிவப்பில் பிழைச்செய்தி வந்தது. பையன் அதை அழிக்கப் போனான். "அழிக்காதே, கடைசி வரியை மொதல்ல படி" என்றார். சின்டாக்ஸ் எரர். இஃப் வரியின் முடிவில் முக்காற்புள்ளி இல்லை, பெயரில் குற்றமில்லை. சொல்லித்தரும் வேலையில் பாதி இதுதான் போலும்: பிழையைக் கண்டு ஓடாமல் அதன் பக்கத்தில் உட்காரப் பழக்குவது.

நிரல் ஓடியது. பையன் சட்டைப்பையிலிருந்து மடித்த துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்தான், அம்மாவின் கொழுந்துக் கணக்கு. நாள்வாரியாக எடையைத் தட்டி, வந்த தொகைகளைத் தாளில் எழுதிக் கூட்டினான். விரலைச் சீட்டின் மேல் வைத்து இன்னொரு தடவையும் சரிபார்த்தான்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க, டீச்சர்."

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். நிரலுக்குக் 'கூலி' என்று பெயரிட்டுச் சேமித்தான், அடுத்த மாதத்துக்காக.