டி டிரைவில் பத்திரம்

“எல்லாம் டி டிரைவுல பத்திரமாத்தான் கீது சார்.”

பாலாற்றங்கரையில் இருக்கும் பள்ளிகொண்டாவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் காது புளிக்கக் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர் தோல் கம்பெனிக் கணக்கராக இருப்பார், கல்யாண வீடியோ எடுப்பவராக இருப்பார், நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி. கடைக்காரராக இருப்பார். சி-யில் விண்டோஸ், டி-யில் நம்முடையது. டி-யில் போட்டுவிட்டால் பேக்கப் எடுத்தாயிற்று என்பது கணக்கு. சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு பாகங்கள், ஒரே வீட்டுக்குள் எழுப்பிய குறுக்குச்சுவர் என்பதை, மேசை மேல் செத்துக் கிடக்கும் டிஸ்க்கைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

நான் போய் உட்கார்ந்திருந்த கடை, குடியாத்தம் போகிற சாலைப் பக்கம் ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டர்தான் திறந்திருக்கும். வியாபாரம் இல்லை, ஆட்கள் உண்டு. தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஒருவர், ஆம்பூரில் ஷூ மேல்பாகத்துக்குப் பேட்டர்ன் போடுகிறவர், ஸ்டூடியோ எடிட்டர், பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர். சங்கம் இல்லை, சந்தா இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. கழற்றிப் பார்க்கும் ஆசை ஒன்றுதான் பொது. கடைக்காரரை எல்லோரும் ‘ணா’ என்கிறார்கள். பேட்டர்ன்காரர் மட்டும் எல்லோருக்கும் ‘பாய்’.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் வம்சாவளி இருக்கிறது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. காஞ்சிபுரத்துக் குழு ஞாயிறு மாலைகளில் இணையத்தில் கூடுகிறது. விழுப்புரத்துக் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. பள்ளிகொண்டாப் பையன்களுக்கு வாசல் திறந்ததோ அரசாங்கம். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பவர் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். பலர் அதைத் தொல்லை என்று நினைத்து, கடையில் கொடுத்து அழித்துவிட்டு, அந்த இடத்தையும் டி டிரைவோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர், ஒரே டிஸ்க்கில் எப்படி இரண்டு ஓ.எஸ். குடியிருக்கிறது என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட ஒருவர்தான் இன்று கடைக்காரர்.

டி டிரைவ் நம்பிக்கையை இவர்கள் கிண்டல் செய்வதில்லை. அது அனுபவத்தில் பிறந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வைரஸ் ஏறும், விண்டோஸ் கவிழும், சர்வீஸ் ஆள் வந்து சி-யை ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போவார். டி-யில் இருந்தது அப்படியே இருக்கும். பத்து தடவை அப்படிப் பிழைத்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்தானே? லினக்ஸ்காரர்களும் ரூட் ஒரு பார்ட்டிஷன், ஹோம் ஒரு பார்ட்டிஷன் என்று பிரித்து வைப்பது இதே காரணத்துக்குத்தான், ஓ.எஸ்.-ஸை மாற்றிப் போட்டாலும் சொந்தக் கோப்புகளில் கை படாது. நோய் மாறிவிட்டது என்பதுதான் சிக்கல். இன்றைக்கு ஓ.எஸ். கவிழ்வதை விட டிஸ்க்கே சாவதும், எல்லா டிரைவிலும் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வருவதும்தான் பயம். இரண்டுக்கும் சி, டி என்ற பேதம் கிடையாது.

ஒரு மாணவர் டிஸ்க்கின் முதல் செக்டாரை எண்களாகத் திரையில் விரித்துக் காட்டினார். மொத்தம் 512 பைட். முதல் 446 பைட் கணினியைக் கிளப்பும் நிரல். அடுத்த 64 பைட்டில்தான் பார்ட்டிஷன் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்ற முத்திரை. பதினாறால் அறுபத்து நான்கை வகுத்தால் நான்கு. பழைய முறையில் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாததற்கு இவ்வளவுதான் காரணம். இரண்டு டிபி-க்கு மேல் இந்தப் பட்டியலால் எண்ணவும் முடியாது. அதனால்தான் ஜிபிடி முறை வந்தது. வழக்கமாக 128 இடம் இருக்கும். அதை வடிவமைத்தவர்கள், பட்டியலின் பிரதி ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் எழுதி வைத்துவிட்டார்கள். முன்பக்கம் அழிந்தால் பின்பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியல் மட்டும் அழிந்த டிஸ்க் வந்தால் கடையில் கொண்டாட்டம். வாடிக்கையாளருக்கு டிஸ்க் காலியாகத் தெரியும். உள்ளே சரக்கு அப்படியே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்கத் தேடி, பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துப் பட்டியலைத் திரும்ப எழுதும். வந்தவர் ஏதோ மந்திரம் நடந்ததாக நினைத்துக்கொண்டு போவார்.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது, கட்டளை அடிப்பதற்கு முன் செய்யும் ஒரு சடங்கு. லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் விழும். அந்தப் பெயர் நிலையில்லாதது. அடுத்த முறை கிளப்பும்போது ஏ-வும் பி-யும் இடம் மாறியிருக்கலாம். டிஸ்க்கை அப்படியே காப்பி எடுக்கும் டிடி என்ற கட்டளையில் எங்கிருந்து, எங்கே என்பதை மாற்றி அடித்துவிட்டால் காலி டிஸ்க் போய் நிறைந்த டிஸ்க்கின் மேல் உட்கார்ந்துவிடும், கேள்வி கேட்காது. ஆகவே இருவர் வேண்டும். ஒருவர் டிஸ்க்கைக் கையில் பிடித்து, ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் நம்பரைச் சத்தமாகப் படிக்கிறார். மற்றவர் திரையில் அதே நம்பரை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

“கடைசி நாலு?”

“ஏழு, கே, ரெண்டு, எக்ஸ்.”

“எதுலேர்ந்து?”

“இதுலேர்ந்துதான் ணா. புதுசு அந்தாண்ட கீது.”

அதற்கப்புறம்தான் என்டர். தனியாக இருக்கும்போது டிடி அடிக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்திருந்த டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணம் முழுவதும் அதில். ஆல்பம் இன்னும் போடவில்லை, கேமரா கார்டுகளையும் அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோயாயிற்று. இப்படிப்பட்ட டிஸ்க்கில் நேராகக் காப்பி போட ஆரம்பித்தால் அது மோசமான இடத்தில் முட்டி முட்டி இன்னும் சீக்கிரம் செத்துப்போகும். குனு டிடிரெஸ்க்யூ வேறு மாதிரி வேலை செய்கிறது. முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் வாரிக்கொள்கிறது. முட்டுகிற இடத்தைத் தாண்டிக் குதிக்கிறது. எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சுரண்டுகிறது. நடுவில் கரண்ட் போனாலும் குறிப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைக்காரர் சும்மா உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலையில் கை துறுதுறுப்பு ஆகாது.

எஸ்.எஸ்.டி. வந்த பிறகு இந்தக் கைவேலையில் பாதி செல்லாமல் போய்விட்டது. அது தட்டாது, முனகாது; நேற்று ஓடியது இன்று காணாமல் போகும். அழித்த கோப்பின் இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு சுத்தமாகத் துடைத்துவிடுவதால், பழைய டிஸ்க்கில் தோண்டி எடுத்ததுபோல் எடுக்கவும் முடியாது. புதிய லேப்டாப்புகளில் விண்டோஸே டிஸ்க்கைப் பூட்டி வைக்கிறது. கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் ஏதோ பெயரில் திறந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

தோல் தொழிலில் கோப்பு தொலைவதென்றால் என்ன என்று ஃபேக்டரிக்காரர் சொன்னபோதுதான் உறைத்தது. டாலி கணக்கு போனால் ஆடிட்டரைப் பிடித்து அழுது எழுப்பிவிடலாம். மற்றக் கோப்புகள் அப்படியில்லை. தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய விதி. எந்த லாட் எந்த ஆர்டருக்குப் போனது, அதன் லேப் ரிப்போர்ட் எங்கே என்று வாங்குகிறவர் பின்னால் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். எந்த நிறத்துக்கு டிரம்மில் எந்தக் கெமிக்கலை எவ்வளவு போட்டார்கள் என்பது மாஸ்டரின் தலையிலும் ஒரு எக்ஸெல் கோப்பிலும் மட்டும் இருக்கிற கம்பெனிகள் உண்டு. மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்றால் மிச்சம் அந்தக் கோப்பு ஒன்றுதான். அதுவும் டி டிரைவில்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் 2000-களில் பிரபலப்படுத்திய ஒரு விதியை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். பள்ளிகொண்டாவில் ‘வேறிடம்’ என்பதற்குப் பாலாறு பொருள் சொல்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு என்று அலட்சியம் செய்யக் கூடாது. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனது. நினைவுத்தூண் இன்றும் அங்கே இருக்கிறது. 2021 நவம்பரில் மறுபடியும் கரை புரண்டது. கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையின் மேலும் கீழும் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் இவர்கள் டிஸ்க்கை மாற்றிக்கொள்கிறார்கள். பாயின் டிஸ்க் இங்கே, கடையின் டிஸ்க் ஆம்பூரில். உள்ளே இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிடுவதால் ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்க முடியாது. ஆர்சிங்க் என்ற கருவி மாறிய கோப்புகளை மட்டும் காப்பி செய்வதால் வேலை சீக்கிரம் முடிகிறது. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் கேட்கும் வைரஸ் பரவியபோது செருகியே வைத்திருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துத்தான் பூட்டியது.

காப்பி எடுத்தால் வேலை முடிந்தது என்று இவர்கள் நினைப்பதில்லை. கூடுகிற அன்று யாராவது ஒருவர் ஏதாவது ஒரு டிஸ்க்கை எடுத்து, வேறொரு கணினியில் மாட்டி, உள்ளிருக்கும் கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டும். அன்று டி.டி.பி. கடையின் முறை. கோப்பு முழுசாக வந்தது, பேஜ்மேக்கரிலும் திறந்தது, ஆனால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு. அது அந்தப் பழைய கணினியில் மட்டும் இருந்தது. கோப்பைக் காப்பாற்றியவர்கள் எழுத்தைக் காப்பாற்றவில்லை. அன்றே எழுத்துருக்களுக்கு ஒரு ஃபோல்டர் போட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த பேக்கப் கையேட்டிலும் இந்த ஆபத்தை நான் பார்த்ததில்லை. தமிழ் அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளலாம்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். செத்த டிஸ்க்கிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுத்தால் கேட்ட பணம் கிடைக்கிறது, காலில் விழாத குறை. அதே ஆளிடம் மாதாமாதம் பேக்கப் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னால், “அதுக்கெல்லாம் எதுக்குப்பா காசு?” என்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு படகுக்குக் கொடுக்கும் மனசு கரைக்கு வருவதில்லை. கடைக்காரர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன், இது அநியாயம். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் ஆசைக்குச் செய்கிற வேலையை நம்பி ஏற்றுமதிக் கம்பெனிகள் ஓட முடியாது.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முதலாளிகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை ஏ.எம்.சி. ஒப்பந்தம் எழுதும்போது பிரிண்டர் சர்வீஸுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கணினியில் மீட்டுத் திறந்து காட்ட வேண்டும். அதற்கான கூலியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.